பாஸ்தாவும் பாஸ்தாவும்

இத்தாலியில், பொலோன்யா நகரத்தின் ஒரு பெரிய உணவகத்தில் என் கையில் கொடுத்த மெனு அட்டையில் விலையே இல்லை. அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் எங்கள் ஜி.எம். சாருடைய அட்டையை எட்டிப் பார்த்தால் அதிலும் இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த இத்தாலிக்காரர் கையில் இருந்ததில் மட்டும் ஓரத்தில் வரிசையாக எண்கள் தெரிந்தன. விருந்து கொடுக்கிறவருக்கு மட்டும் விலை போட்ட அட்டை, விருந்தாளிக்கு விலை போடாத அட்டை. பழைய காலத்துப் பெரிய உணவகங்கள் சில இன்னும் விடாமல் வைத்திருக்கிற வழக்கமாம். விருந்தாளி கூச்சப்படாமல் வேண்டியதைக் கேட்கட்டும் என்கிற நல்ல எண்ணம்தான். ஆனால் நான் மெனுவை உருது மாதிரி வலமிருந்து இடமாகப் படித்துப் பழகியவன். விலையைப் பார்த்த பிறகுதான் பண்டத்தின் பெயருக்கே போவேன். விலை தெரியாவிட்டால் எனக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதே சரியாகத் தெரியாது.

நாங்கள் அங்கே போனது சாப்பிட இல்லை. கோயம்புத்தூரில் எங்கள் கம்பெனி தேயிலைத் தூளைப் பை போட்டு விற்கிறது. அந்தச் சின்னக் காகிதப் பைகளைக் கட்டும் மெஷின்கள் உலகத்துக்கே போவது பொலோன்யா பக்கத்திலிருந்து என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மருந்து, சாக்லேட், சோப்பு, தேயிலை என்று எதைப் பொதிய வேண்டுமானாலும் அதற்கு மெஷின் செய்கிற பட்டறைகள் அந்த ஊரைச் சுற்றி நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மெஷினைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன் வாங்குகிறவன் நேரில் வந்து, தன் சரக்கையே போட்டு ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக 2022 நவம்பரில் நானும் சாரும் போனோம், எங்களுக்கு முன்னால் குன்னூர்த் தூள் நாலு மூட்டை கூரியரில் போயிருந்தது. மூன்று நாள் சோதனை. இரண்டாம் நாள் ராத்திரி அவர்களுடைய ஏற்றுமதி மேனேஜர் விருந்துக்கு அழைத்தார், கூட எங்கள் மெஷினைக் கவனித்துக்கொண்டிருந்த இளம் சர்வீஸ் எஞ்சினியரும்.

ஊரின் நடுவில் பழைய மாளிகை ஒன்றின் கீழ்த்தளம். வாசலில் பெரிய பலகை எதுவும் கிடையாது. பெயரில் 'ஒஸ்தெரியா' என்று வேறு இருந்தது. முன்பெல்லாம் ஒஸ்தெரியா என்றால் ஒயின் ஊற்றிக் கொடுக்கும் கடை, திராத்தொரியா என்றால் குடும்பமாக நடத்தும் சாப்பாட்டுக் கடை, ரிஸ்தொராந்தே என்றால் வெள்ளைத் துணி விரித்த பெரிய இடம் என்று ஏறுவரிசை உண்டு. இப்போது வரிசை கலைந்துவிட்டது. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் மோதெனாவில் இருக்கிறது மாஸ்ஸிமோ பொத்தூரா என்ற சமையல்காரரின் உணவகம், மூன்று மிஷெலின் நட்சத்திரம் வாங்கியது, 2016-லும் 2018-லும் உலகின் சிறந்த ஐம்பது உணவகங்கள் பட்டியலில் முதல் இடம் பிடித்தது. அதன் பெயரும் 'ஒஸ்தெரியா' ஃப்ரான்செஸ்கானாதான். நம் ஊரில் ஏ.சி. போட்டு வாழையிலைக்கு ஐந்நூறு வாங்கிக்கொண்டு 'மெஸ்' என்று பெயர் வைக்கிறார்களே, அதே கதை.

வாசலிலேயே கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கிறார்கள். சார் ஸ்வெட்டரைக் கழற்ற மறுத்துவிட்டார், மங்கி கேப்பை மட்டும் போனால் போகிறது என்று கொடுத்தார். அந்தப் பெண் அதை ஏதோ பட்டுத் தொப்பி போல இரண்டு கையாலும் வாங்கி ஹேங்கரில் மாட்டியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சார் கும்பகோணத்துக்காரர். சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். "கறி, மீன், முட்டை கூடாது" என்று நான் ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் போட்டிருந்தேன். கறியும் மீனும் அவர்களுக்குப் புரிந்தது. முட்டைதான் சிக்கல். இத்தாலியில் சைவம் என்று சொல்கிறவர்கள் முட்டை சாப்பிடுவார்கள், அதிலும் பொலோன்யா முட்டைப் பாஸ்தாவின் ஊர். நம் கடைகளில் கிடைக்கிற காய்ந்த பாஸ்தா வெறும் கோதுமை ரவையும் தண்ணீரும். அது தெற்கு இத்தாலியின் சொத்து. இங்கே நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது கணக்கு. மாவைப் பிசைந்து, ஒரு ஆள் நீளக் கட்டையால் மேசை முழுக்கத் துணி மாதிரி தேய்க்கிறார்கள். அதைச் செய்கிற பெண்களுக்கு 'ஸ்ஃபோல்யீனா' என்று தனிப் பெயரே உண்டு. தேய்த்த மாவைத் தூக்கிப் பிடித்தால் ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கும் சான் லூக்கா கோயில் அதன் வழியாகத் தெரிய வேண்டும் என்று அந்த ஊரில் பேச்சு. சாருக்கு இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அப்போ நான் ரொட்டியைத் தின்னுட்டுப் போகணுமா?"

அதற்குள் வெயிட்டர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டார். பரங்கிக்காய் ரிசோத்தோ, எலும்பு வேகவைத்த சாறு இல்லாமல் காய்கறி வேகவைத்த தண்ணீரில், புதிதாக ஆரம்பித்துச் செய்து தருகிறோம், இருபது நிமிடம் ஆகும், சரியா என்று கேட்டார். பல இடங்களில் ரிசோத்தோவை இரண்டு பேருக்குக் குறைந்து செய்யவே மாட்டார்கள். அடுப்புக்கு முன்னால் ஒருவர் நின்றபடி கரண்டி கரண்டியாகச் சாறு ஊற்றிக் கிளற வேண்டிய வேலை அது. வந்தபோது பார்க்க வேண்டுமே, தட்டைச் சாய்த்தால் அலை மாதிரி மெல்ல நகர வேண்டும் என்பது அவர்கள் பக்குவம், அப்படியே நகர்ந்தது. சார் ஒரு வாய் எடுத்து மென்று, கண்ணை மூடி, "பரங்கிக்காய்ப் பொங்கல்ப்பா" என்றார். அடுத்த வாய்க்கு, "ஒரு கொதி பத்தலை."

பத்தாது, வேண்டுமென்றேதான். அரிசியோ பாஸ்தாவோ நடுவில் ஒரு பொட்டு கடிபட வேண்டும். 'அல் தெந்தே', பல்லுக்கு என்று அர்த்தம். நம் ஊரில் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நசுக்கிப் பார்த்து நடுவில் கடுக்கு இருந்தால் இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்கிறோம், அவர்களும் அதேபோல் ஒன்றை எடுத்துக் கடித்துத்தான் பார்க்கிறார்கள், ஆனால் கடுக்கு போவதற்குள் இறக்கிவிடுகிறார்கள். குறை சொல்லிக்கொண்டே சார் தட்டை வழித்துவிட்டார். கடைசியில் ஒட்டியிருந்ததை ரொட்டித் துண்டால் துடைக்கலாமா என்று என்னைப் பார்த்தார். துடைக்கலாம். 'ஸ்கார்பெத்தா', சின்னச் செருப்பு, என்று அதற்குப் பெயர் வைத்து ரசிக்கிற ஊர். நாகரிகமான இடத்தில் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் செய்கிறார்கள், எங்களுக்கு விருந்து கொடுத்தவரும் செய்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நவம்பர் வெள்ளை ட்ரஃபிள் காலம். பொலோன்யாவுக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் சவீன்யோ என்ற சிற்றூரில் அதற்குத் திருவிழாவே நடக்கிறது. மண்ணுக்குள், மர வேர்களோடு ஒட்டி வளரும் ஒரு பூஞ்சை. விதைத்து அறுக்கிற சமாசாரம் இல்லை, நாய்களைப் பழக்கி மோப்பம் பிடிக்க வைத்துத் தோண்டி எடுக்க வேண்டும். பார்க்க மண் ஒட்டிய சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கும். சமைத்தால் மணம் போய்விடும் என்பதால் பச்சையாகவே, சூடான உணவின்மேல் சீவிப் போடுகிறார்கள். கடைகளில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெயில் பெரும்பாலும் செயற்கை வாசனைதான், அதை வைத்து இதை எடை போடாதீர்கள். விருந்து கொடுத்தவர், "உங்களுக்கு இது கட்டாயம்" என்றார். விலை இல்லாத மெனு, நான் தலையாட்டினேன்.

மெலிந்த மஞ்சள் பாஸ்தா, வெண்ணெய் தவிர வேறெதுவும் இல்லை. தட்டை வைத்த பிறகு வெயிட்டர் கண்ணாடிக் குடுவையால் மூடிய ட்ரஃபிளையும் ஒரு குட்டித் தராசையும் கொண்டுவந்து, ட்ரஃபிளைத் தராசில் வைத்து எடையை எங்களுக்குக் காட்டினார். ஏதோ பெருமைக்குக் காட்டுகிறார் என்று நினைத்து நானும் பலே என்பதுபோல் தலையாட்டினேன். அப்புறம் சீவ ஆரம்பித்தார். காகிதம் மாதிரி மெல்லிய சுருள்கள், உள்ளே பளிங்குபோல் ரேகை. விழுந்துகொண்டே இருந்தன. அந்த வாசனையை எப்படிச் சொல்வது, பூண்டும் ஈர மண்ணும் கொஞ்சம் கேஸ் சிலிண்டரும். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் புன்னகைத்தேன், அவர் சீவினார். மறுபடி பார்த்தார், மறுபடி புன்னகைத்தேன், மறுபடி சீவினார். அளவு தெரிந்தவர், தானாக நிறுத்துவார் என்று நான் மரியாதையாகக் காத்திருக்கிறேன். அபிஷேகத்தில் அர்ச்சகரிடம் பால் போதும் என்று யாராவது சொல்வார்களா? பாஸ்தா கண்ணுக்கே தெரியாமல் மூடிப்போன பிறகு, எங்கள் சர்வீஸ் எஞ்சினியர் பையன் இருமுவதுபோல் ஒரு சத்தம் போட்டான், வெயிட்டர் நிறுத்தினார். ட்ரஃபிள் மறுபடி தராசுக்குப் போனது. விருந்து கொடுத்தவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் காலை மெஷின் மேல் ஏறி நின்று ஹாப்பரில் தூள் கொட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் கீழேயிருந்து "பாஸ்தா!" என்று கத்தினான். காலையிலேயே என்ன பாஸ்தா என்று திரும்பினேன். 'போதும்' என்பதற்கு இத்தாலியச் சொல் அதுதான், ப-வை அழுத்திச் சொல்ல வேண்டும். தின்பது ஒன்று, நிறுத்தச் சொல்வது ஒன்று, தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. "நேற்று ராத்திரி இதைச் சொல்லியிருக்க வேண்டும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சீவச் சீவ நாம்தான் நிறுத்தச் சொல்ல வேண்டுமாம். முதலில் போட்ட எடை, கடைசியில் போட்ட எடை, இரண்டுக்கும் இடையில் குறைந்தது எத்தனை கிராமோ அதுதான் பில்லில் ஏறும். கிராம் 6 யூரோ. சாதாரணமாக ஒரு தட்டுக்கு எட்டுப் பத்து கிராம் போட்டாலே தாராளம். என் தட்டில் 19. அதாவது 114 யூரோ, அன்றைய கணக்கில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல், காளானுக்கு மட்டும். நான் அதை முள்கரண்டியால் சுருட்டிச் சுருட்டி வைக்கோல் மாதிரி தின்றிருக்கிறேன்.

காதெல்லாம் சூடாகிவிட்டது. சாரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கவலைப்படாதே, மெஷின் விலையில ஏத்தியிருப்பான்ப்பா."

இன்னொன்றும் அன்று ராத்திரி நடந்தது. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாருக்கு இணையத்தில் படிக்கிற வழக்கம் வாட்ஸ்அப்போடு சரி என்ற தைரியத்தில் எழுதுகிறேன். சாப்பாடு முடிந்து பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் வந்தது, 24 மாதம் வைத்தது, 36 மாதம் வைத்தது, இன்னும் பழையது என்று மூன்று உடைசல். அதைக் கத்தியால் நறுக்குவதில்லை, பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு குட்டிக் கத்தியைச் செருகி விண்டு எடுக்கிறார்கள், உள்ளே கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாகக் கடிபடும். மேலே சொட்டுச் சொட்டாக மோதெனாவின் பால்சாமிக் காடி. கடைகளில் சாதாரணமாகப் பாட்டிலில் கிடைக்கிறதே, அது இல்லை, இது திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, பெரிய பீப்பாயிலிருந்து சின்னப் பீப்பாய்க்கு வருடா வருடம் மாற்றி மாற்றிக் குறைந்தது 12 வருடம் வைத்தது. 25 வருடம் தாண்டியதற்குத் தனிப் பெயர், தனி மரியாதை. பெண் பிறந்தால் பீப்பாய் வரிசை ஒன்றை ஆரம்பித்து, கல்யாணத்தில் சீராகக் கொடுக்கிற குடும்பங்கள் இருந்தனவாம். ட்ரஃபிள் சீவியவர்தான் இதையும் சொட்டினார். இந்த முறை நான் நாலு சொட்டிலேயே கையைக் காட்டிவிட்டேன். என்னவோ உள்மனசு சொல்லியது.

விருந்து கொடுத்தவர் சீஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார் போல. ஒரு சக்கரம் ஏறத்தாழ 40 கிலோ, அதற்கு 550 லிட்டர் பால் வேண்டும், குறைந்தது ஒரு வருடம் முதிர வேண்டும், அதற்குள் பண்ணைக்காரனுக்குக் கைக்காசு வேண்டாமா, அதனால் அந்தப் பகுதியில் ஒரு வங்கி சீஸ் சக்கரங்களையே அடமானம் பிடித்துக்கொண்டு கடன் கொடுக்கிறது என்றார். நகைக் கடன் மாதிரி சீஸ் கடன். சார் இதில் மயங்கிவிட்டார், அந்த வங்கியின் வட்டி எவ்வளவு என்றெல்லாம் கேட்டார். பிறகு விருந்து கொடுத்தவர், பால், உப்பு, ரென்னட், இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று பெருமையாக விரலை மடக்கினார். சார் என் பக்கம் சாய்ந்தார். "ரென்னட்டுன்னா என்னப்பா?"

எனக்குத் தெரியும். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது, பாலைத் திரிய வைக்க. பார்மிஜானோவுக்கு அதைத்தான் போட வேண்டும் என்பது விதி. சார் அந்த நேரத்தில் இரண்டாவது துண்டை வாயில் போட்டிருந்தார். ரிசோத்தோவை இறக்கும்போது வெண்ணெயோடு இதே சீஸைத்தான் கைநிறையத் துருவிப் போட்டுக் கிளறியிருப்பார்கள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உறை மாதிரி சார். பால் உறையறதுக்கு" என்றேன்.

"ஓ, உறைமோர்" என்று தலையாட்டிவிட்டு மூன்றாவது துண்டை எடுத்தார்.

பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது. உண்மை சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. என் மின்னஞ்சலில் ஒரு சொல் விட்டுப்போனதுதான் காரணம், சமையற்கட்டின்மேல் எந்தக் குற்றமும் இல்லை, நான் சொன்ன மூன்றையும் அவர்கள் அச்சுப்பிசகாமல் தவிர்த்திருந்தார்கள்.

அடுத்த வருடம், 2023 நவம்பரில், இரண்டாவது மெஷின். இந்த முறை சார் வரவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம், டிக்கெட் போட்டு மனைவியையும் அழைத்துக்கொண்டேன். சோதனை முடிந்து இரண்டு நாள் விடுப்பு. அதே உணவகத்தில், என் சொந்தக் காசில், ஒரு தடவை சாப்பிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். ஊர் நடுவில் இருக்கும் இரட்டைக் கோபுரங்களில் குட்டையான கரிசெந்தா இன்னும் சாய்ந்துவிடுமோ என்று அக்டோபரிலிருந்து சுற்றிலும் அடைத்து வைத்திருந்தார்கள், தூண் மண்டபங்களுக்கு அடியிலேயே சுற்றிக்கொண்டு போனோம். ஏழரை மணிக்கு முன்னால் அங்கே யாரும் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி நினைப்பதே இல்லை.

உட்கார்ந்ததும் அட்டைகள் வந்தன. மனைவி கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, "ஏனுங்க, உங்களுதுல வெலை போட்டிருக்கு, என்னுதுல அச்சு விட்டுப்போச்சு போல" என்றாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இருவராகப் போனால் பெண்ணுக்கு விலை இல்லாத அட்டை என்பதும் அதே பழைய வழக்கத்தின் இன்னொரு பக்கம். விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. "வீட்டுக் கணக்கு எழுதறது யாரு?" என்று என் அட்டையை வாங்கிக்கொண்டு அவளுடையதை என்னிடம் தள்ளினாள். வெயிட்டர் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு எனக்கும் விலை போட்டது ஒன்று கொண்டுவந்தார். ஆக, கேட்டால் கிடைக்கும். போன வருடமே நான் கேட்டிருக்கலாம், விருந்து கொடுத்தவர்தான் பாவம்.

அவள் முதலில் பிடித்தது அட்டையின் அடியில் இருந்த வரியை. 'கோப்பெர்த்தோ', தலைக்கு 5 யூரோ. "உக்கார்றதுக்குக் காசா?" கிட்டத்தட்ட அப்படித்தான். துணி, தட்டு, ரொட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து. சாதாரணக் கடைகளில் இரண்டோ மூன்றோ வாங்குவார்கள், மெனுவில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பதிலுக்கு டிப்ஸ் என்று தனியாக யாரும் எதிர்பார்ப்பதில்லை, அமெரிக்கா மாதிரி இருபது சதவீதம் கணக்குப் போட்டுத் தலையைச் சொறிய வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் சமாதானமானாள்.

அங்கே சாப்பாடு கட்டம் கட்டமாக நடக்கும். முதலில் கொறிக்க, அப்புறம் 'ப்ரீமோ' என்று பாஸ்தா அல்லது சாறு, அப்புறம் 'செகோந்தோ' என்று கறியோ மீனோ, காய்கறி வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும், கடைசியில் இனிப்பு, காபி. எல்லாக் கட்டத்தையும் தாண்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. நாங்கள் தொர்த்தெல்லினி ஒன்று சொல்லி இருவருக்கும் பகிர்ந்து தரக் கேட்டோம். உள்ளேயே இரண்டு கிண்ணத்தில் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொண்டுவந்தார்கள், முகம் சுளிக்கவில்லை.

தொர்த்தெல்லினி என்பது கொழுக்கட்டைக்குப் பேத்தி. சின்னச் சதுர மாவுக்குள் பன்றி இறைச்சி, மோர்த்தாதெல்லா என்ற பன்றித் தொத்திறைச்சி, பார்மிஜானோ, ஜாதிக்காய் எல்லாம் அரைத்த பூரணம் ஒரு கடலையளவு, மடித்து விரலில் சுற்றி ஒட்டினால் மோதிரம் மாதிரி ஆகிவிடும். அதைத் தெளிந்த கறிச்சாற்றில் மிதக்கவிட்டுத் தருகிறார்கள், மேலே எதுவும் தூவாமல், அலங்காரம் எதுவும் இல்லாமல். இருபது யூரோவுக்கு என்ன இருக்கிறது இதில் என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கரண்டியில் அள்ளி வாயில் போட்டால், சரி, தெரிகிறது. சாறு எண்ணெய்ப் படலம் இல்லாமல், ஆனால் உதடு ஒட்டுகிற கனத்தில் இருந்தது. பொத்தூரா ஆரம்ப காலத்தில் இதை விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு மட்டும் வரிசையாக வைத்துப் பரிமாற, ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டதாம். பாட்டி கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டதை எண்ணி வைத்தால் கோபம் வராதா? இந்த வடிவத்துக்கு ஒரு கட்டுக்கதை உண்டு, சத்திரத்துக்கு வந்த வீனஸ் தேவதையைச் சாவித் துவாரம் வழியாக எட்டிப் பார்த்த சத்திரக்காரன் அவள் தொப்புளை நினைத்து மாவைச் சுருட்டினானாம். "எட்டிப் பாத்தவனைச் செருப்பாலடிக்காம, பலகாரத்துக்குக் கதை எழுதி வெச்சிருக்காங்க" என்றாள்.

பக்கத்து மேசைக்கு ராகூ என்ற கறிக்குழம்பு ஊற்றிய தாலியாத்தெல்லே போனது. ராகூவை நெடிலில் எழுதுகிறேன், குறிலில் எழுதினால் கிரகம் பிடித்துக்கொள்ளும். அந்த நாடாப் பாஸ்தாவின் அகலம் என்ன என்பதை 1972-ல் பொலோன்யா வணிகச் சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள், தங்கத்தில் ஒரு மாதிரி செய்து பெட்டிக்குள் வைத்து. வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். அதை இன்னொரு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள்: நெட்டைக் கோபுரமான அசிநெல்லியின் உயரத்தில் 12,270-ல் ஒரு பங்கு. மனைவி கணக்கு டீச்சர். கோபுரம் 97.2 மீட்டர் என்று செல்போனில் பார்த்து, துடைக்கும் துணியைத் தள்ளிவிட்டு வகுத்தாள். 7.92. "சரியாத்தான் இருக்கு" என்று பாஸ் மார்க் போட்டாள்.

அப்புறம் கண்ணாடிக் குடுவை வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "கிராம் எவ்வளவுன்னு கேளுங்க." கேட்டேன். வெயிட்டர் கொஞ்சமும் தயங்காமல், ஏளனமும் இல்லாமல், தேங்காய் விலை சொல்வதுபோல் "ஸேய்", ஆறு, என்றார். நாலு கிராம் போதும் என்றேன். அதற்கும் சரி. வெண்ணெய்ப் பாஸ்தா வந்தது, தராசு வந்தது. மனைவி பெரிய கடை வீதி நகைக்கடையில் உட்கார்ந்திருப்பதுபோல் முன்னால் குனிந்து எண்ணைப் பார்த்தாள். "சேதாரம் உண்டான்னு கேளுங்க." அதை மொழிபெயர்க்க எனக்குத் தெம்பில்லை. சீவினார், மூன்றே இழுப்பு, நான் "பாஸ்தா" என்றேன், தின்கிறது இல்லை, மற்றது. என் உச்சரிப்பைக் கேட்டு அவர் புன்னகைத்தார். எடை காட்டினார், நாலு புள்ளி ஏதோ, நாலு என்றே எழுதிக்கொண்டார்.

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். "கேஸ் லீக் ஆகற மாதிரி வாசம்." இன்னொரு வாய். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாய்க்குப் பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு கிராம் போடச் சொல்லலாங்களா?" என்றாள்.

போட்டோம். அதன் பிறகு ஒரு கட்லெட் வந்தது, இறைச்சியின் மேல் ஹாமும் சீஸும் உருகி, நன்றாகத்தான் இருந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இனிப்பு, காபி. பால் விட்ட காபி கேட்காதீர்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் அது அவர்களுக்குத் தயிர்சாதத்துக்கு மேல் பாயசம் ஊற்றினாற்போல. காபி முடிந்து பில்லுக்குக் காத்திருந்தோம். காத்திருந்தோம், காத்திருந்தோம், முக்கால் மணி நேரம். நம் ஊரில் தயிர்சாதத்தில் கை இருக்கும்போதே சோம்புத் தட்டோடு பில் வந்துவிடும், பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அங்கே நாமாகக் கேட்கிற வரை பில் தரவே மாட்டார்கள், கொண்டுவந்து நீட்டினால் எழுந்து போகச் சொல்வதாக ஆகிவிடுமாம். அந்த மேசை அன்று ராத்திரி முழுக்க நம்முடையது. இது தெரியாமல் அவர்கள் எங்களை மறந்துவிட்டார்கள் என்று நாங்களும், இவர்களுக்குப் பேச எவ்வளவு இருக்கிறது என்று அவர்களும்.

140 யூரோ. பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். மனைவி ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். எனக்குத்தான் உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடியது: போன வருடம் என் ஒரு தட்டின்மேல் விழுந்த சீவலுக்கு 114. அதை அவளிடம் அப்போதுதான் சொன்னேன். "பத்தொம்பது கிராமா?" என்று நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். ஓட்டல் வரை அந்த எண்ணையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

திரும்பும்போது சாருக்காக ரிசோத்தோ செய்கிற கார்னாரோலி அரிசி ஒரு கிலோ வாங்கினேன். வருடம் முழுக்க அந்தப் பரங்கிக்காய்ப் பொங்கலைப் பற்றி ஆபீஸில் பேசாத நாள் இல்லை. வீட்டில் மாமியும் எப்படிச் செய்வது என்று இரண்டு தடவை போனில் கேட்டுவிட்டார். பார்மிஜானோ வாங்க மனசு வரவில்லை. கோயம்புத்தூரில் பச்சைப் புள்ளி போட்ட நம் ஊர் சீஸ், விலங்கு ரென்னட் சேர்க்காதது, ஒரு பெட்டி வாங்கிச் சேர்த்துக் கொடுத்தேன். செய்முறையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன், கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊற்றுவதிலிருந்து கடைசியில் வெண்ணெய் போடுவது வரை.

திங்கட்கிழமை காலை சார் என் மேசைக்கே வந்தார்.

"பண்ணினோம்ப்பா. ஒரு கொதி கூடவே விட்டோம், பதமாத்தான் வந்தது. ஆனா அந்த ருசி வரலையே. அவன் என்னமோ ஒண்ணு போட்டிருக்கான், அது என்னவா இருக்கும்?"

"தெரியலை சார்" என்றேன்.